பைன் மரத்துக்குப் பின்னால்

அமெரிக்காவில், வெர்மான்ட் மலைநாட்டில், லவீனியா குரோவெல் என்றொரு ஓவியர் இருந்தார். மலையையும் ஆற்றையும் அவரைப்போல் வரைய அந்தக் காலத்தில் ஆளில்லை என்பார்கள். இருபத்தொன்பது வயதில் அவர் வரைந்த பள்ளத்தாக்குப் படத்துக்கு முன்னால் நகரத்து மனிதர்கள் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார்கள். பதக்கம் வந்தது. பத்திரிகைகள் கொண்டாடின. இரண்டே வருடத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அந்தப் பள்ளத்தாக்குக்கே குடிவந்துவிட்டார். ஏன் என்று நகரத்தில் யாருக்கும் புரியவில்லை.

அவருக்கு ஒரே மாணவர், எப்ராயீம். குருவைவிட ஐந்து வயது மூத்தவர். முப்பது வருடம் ரயில் பாதைக்கு நிலம் அளந்துவிட்டுத் தூரிகை பிடிக்க வந்தவர். முதல் வருடம் முழுக்க லவீனியா அவரைப் பச்சை மட்டும் குழைக்க வைத்தார். அவர் முகம் சுளிக்கவில்லை.

நான்காம் வருடம் அவருடைய படம் ஒன்று நகரக் கண்காட்சிக்குத் தேர்வானது. கூடவே ஒரு கடிதம். இடது மூலையில் மரமறுக்கும் ஆலை எதற்கு, அதையும் புகையையும் எடுத்துவிட்டால் நடுச்சுவரில் மாட்டுகிறோம் என்று எழுதியிருந்தார்கள்.

எப்ராயீம் மூச்சு வாங்க வந்து நின்றார்.

"எடுத்துவிடட்டுமா அம்மா? அரைநாள் வேலைதான்."

லவீனியா கடிதத்தைப் படித்து, மடித்துக் கொடுத்தார்.

"வாருங்கள். ஹல்டா வீடுவரை போய்வரலாம்."

ஹல்டா ஆற்று வளைவில் மாடு வைத்திருந்தவள். இருவரையும் சமையலறையில் உட்காரவைத்து ஆப்பிள் சாறு ஊற்றினாள். எப்ராயீம் குடிக்கவில்லை. அடுப்புக்கு மேலே மாட்டியிருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதே பள்ளத்தாக்கு. அதே காலை வெளிச்சம். புகழ்பெற்ற அந்தப் படத்தின் அச்சுப் பிரதியை அவர் எத்தனையோ முறை பார்த்திருக்கிறார். ஆனால் இதில் ஒரு மரக்குடிசை இருந்தது. கொடியில் துணி காய்ந்தது. பசுவின் கழுத்தில் கைபோட்டபடி ஒரு மனிதர் நின்றார். இதோடு ஒப்பிட்டால் அந்தப் பெரிய படம் ஒன்றுமேயில்லை என்று எப்ராயீமுக்குப் பட்டது.

"அதில் இந்தக் குடிசை இல்லையே?"

"அப்பவும் இங்கதான் இருந்துச்சு," என்றாள் ஹல்டா. "எனக்குப் பதினோரு வயசு. நம்ம இடத்தை வரஞ்சிருக்காங்களாம்னு அப்பா நாப்பது மைல் நடந்துபோய்ப் பாத்துட்டு வந்தாரு. அம்மாகிட்ட சொன்னாரு, 'நம்ம ஊரு ரொம்ப அழகா இருக்கு. நாமதான் இல்ல.'"

லவீனியா தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

திரும்பும் வழியில் எப்ராயீம்தான் பேச்சை எடுத்தார்.

"குடிசையை நீங்கள் வரையவே இல்லையா?"

"வரைந்தேன். காட்டின் அழகைக் கெடுக்கிறது என்று ஒருவர் சொன்னார். அதன்மேல் ஒரு பைன் மரத்தை வரைந்து மூடினேன்."

"பிறகு?"

"ஹல்டாவின் அப்பா சொன்னது இரண்டு வருடம் கழித்து என் காதுக்கு வந்தது. வண்ணமும் தூரிகையுமாக, அந்தப் படம் மாட்டியிருந்த நகர மண்டபத்துக்குப் போனேன். என் படத்தைத் தொட என்னை விடவில்லை. அதனால் இங்கே வந்து புதிதாக ஆரம்பித்தேன்."

"அவர் அதைப் பார்த்தாரா?"

"முடிக்க ஆறு வருடம் ஆனது. அதற்கு முந்தின பனிக்காலத்திலேயே இறந்துபோய்விட்டார். ஹல்டா சொல்லச் சொல்ல அந்த முகத்தை வரைந்தேன்."

எப்ராயீம் நடப்பதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார். பதக்கம் வாங்கியவரைவிடப் பெரிய ஒருவர், சேறு படிந்த பூட்ஸோடு, அவருக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார்.

"புரிந்தது அம்மா. ஆலையை எடுக்கமாட்டேன்."

லவீனியா திரும்பினார்.

"அந்த ஆலையில் வேலை செய்கிறவர்கள் யார் யார்?"

"தெரியாது அம்மா. நான் எட்ட இருந்து வரைந்தேன். புகைதான் தெரிந்தது."

"அப்படியானால், எடுப்பதற்கு உங்கள் படத்தில் இன்னும் யாருமே இல்லையே, எப்ராயீம்."