தின்னாத்தான் தண்ணி

ஒரு ஊர்ல ஒரு செவலை ஆடு இருந்துச்சாம். ஊருன்னதும் தோப்பு, வாய்க்கா, சிலுசிலுன்னு காத்துன்னு நெனைச்சுக்காத. கரிசக்காட்டு ஊரு. மழை பெஞ்சா வழுக்கும், வெயில் அடிச்சா வெடிக்கும். அம்புட்டுத்தான் அங்க வசதி. ம் கொட்டு, அப்பத்தான் கதை நகரும்.

ம்... அந்தச் செவலையை வளத்தவ பேச்சித்தாய். அம்மா வீட்டுல இருந்து பால்குடி மறக்காத குட்டியா மடியில வச்சு பஸ்ஸுல கொண்டுவந்தா. வழி பூரா அது அவ சேலைத் தலைப்பைச் சப்பிக்கிட்டே வந்துச்சாம். அதனால அது அவளுக்கு ஆடு இல்ல, பொறந்த வீட்டுச் சொந்தம்.

ஆனா பேச்சித்தாய் தீப்பெட்டி ஒட்டுற ஆபீஸுக்கு வேலைக்குப் போறவ. விடிஞ்சதும் பாம் பாம்னு வேன் வந்துரும். பொழுது சாயத்தான் திரும்புவா. பகல்ல ஆட்டைப் பாத்துக்கிறது அவ புருஷன் வெயிலுமுத்து. எப்படிப் பாத்துக்குவாரு? வேப்பமரத்து நெழல்ல கட்டிலைப் போட்டு, ஒருக்களிச்சுப் படுத்து, ஒரு கண்ணால பாத்துக்குவாரு. இன்னொரு கண்ணு தூங்கணும்ல, பாவம்.

அவரு ஆட்டுக்கு ஒரு சட்டம் போட்டிருந்தாரு.

"தண்ணி குடிச்சா வயிறு ரொம்பிரும். ரொம்புன வயித்துல தீவனத்துக்கு எடம் ஏது? அதனால போட்டதைத் தின்னு முடிக்கணும். தின்னாத்தான் தண்ணி!"

என்னா மூளை, என்னா மூளை! தண்ணிக் கொழாய் தெருக்கோடியில இருந்துச்சு, கொடத்தைத் தூக்கிட்டு நடக்கணும். ஆனா அதுக்கும் இந்தச் சட்டத்துக்கும் சம்பந்தமே இல்லையாம். அவரே சொன்னாரு, நாம நம்பித்தான ஆகணும்?

மழைக்காலத்துல சட்டம் நல்லாவே ஓடுச்சு. ஓடாம என்ன? ஓடையோரம் பச்சைப்புல்லு மொழங்கால் ஒசரத்துக்கு நின்னுச்சு. பச்சைப்புல்லுல முக்கால்வாசி தண்ணிதான. ஆடு மென்னு மென்னு தண்ணியையும் சேத்துத்தான் முழுங்குச்சு. வெயிலுமுத்து என்ன நெனைச்சாரு? தன்னோட கண்டிப்புக்குப் பயந்துதான் ஆடு திங்குதுன்னு நெனைச்சாரு. டீக்கடையில போயி அதைப் பத்திப் பேசுனாரு வேற.

அப்புறம் கோடை வந்துச்சு. புல்லு போச்சு, ஓடை போச்சு. வீட்டுல இருந்தது காஞ்ச கடலைக்கொடியும் சோளத்தட்டையுந்தான். தொட்டா சலசலன்னு நொறுங்கும், அப்படிக் காய்ச்சல்.

காலையில கொடியைப் போட்டதும் செவலை கறுக்குமொறுக்குன்னு அவசர அவசரமாத் திங்கும். கொஞ்ச நேரந்தான். பொசுக்குன்னு நிறுத்திரும். வாய்க்கு முன்னால அம்புட்டுத் தீவனம் கெடக்கும், அது மொகத்தைத் திருப்பிக்கிட்டுப் படுத்துரும்.

"கொழுப்பு!" அப்படீம்பாரு வெயிலுமுத்து.

சாயங்காலம் மிச்சக் கொடியெல்லாம் அள்ளிப் பரண்ல போட்டுட்டு, போனாப் போகுதுன்னு ஒரு சட்டித் தண்ணி வைப்பாரு. அப்போ ஆட்டுக்குத் தீவனம் இருக்குறப்ப தண்ணி இல்ல, தண்ணி இருக்குறப்ப தீவனம் இல்ல. சட்டம்னா சட்டம்!

செவலைக்கு விலாவெல்லாம் தெரிய ஆரம்பிச்சிருச்சு. ஒரு நாள் சாயங்காலம் பேச்சித்தாய் வேனை விட்டு எறங்கி வந்தா, புருஷன் சொன்னாரு.

"வியாபாரிகிட்ட சொல்லிட்டேன். சனிக்கெழமை வந்து ஆட்டை ஏத்திக்கிருவாரு."

"கறிக்கா?" பேச்சித்தாய் ஓடிப்போயி ஆட்டுக் கழுத்தைக் கட்டிக்கிட்டா.

"பின்ன, பள்ளிக்கூடத்துக்கா?"

"நான் அதைத் தின்ன வச்சுட்டேன்னா?"

"வச்சுட்டேன்னா நீயே வச்சுக்கோ. நான் என்ன, ஆடு விக்கணும்னு ஆசைப்பட்டா சொல்றேன்?"

ம் சொல்றியா, தூங்கிட்டியா? ம்.

அப்போ பேச்சித்தாய் என்ன செஞ்சா, கண்ணுபட்டிருக்கும்னு நெனைச்சா. மொளகா, உப்பு, தெருமண்ணு எல்லாம் எடுத்து ஆட்டைச் சுத்தி அடுப்புல போட்டா. படபடபடன்னு வெடிச்சுச்சு. மொளகா நெடி கொட்டில் தாண்டி வேப்பமரத்தடி வரைக்கும் பரவிருச்சு. வெயிலுமுத்து ஹச்சு ஹச்சுன்னு தும்மி, கட்டில்ல இருந்து கீழயே விழுந்துட்டாரு. ஆட்டைப் பிடிச்ச கண்ணு போச்சோ என்னமோ, அவரைப் பிடிச்ச தூக்கம் ஒரு நாளைக்குப் போச்சு. செவலை? படுத்தது படுத்தபடிதான்.

அடுத்தது வெயிலுமுத்து யோசனை. மரத்தடியில படுத்து யோசிச்ச யோசனை, சும்மாவா?

"ருசி இல்ல, அதான் திங்கலை. உப்பைத் தூவுவோம்."

கல்லுப்பைப் பொடிச்சுக் கொடி மேல தூவுனாரு. செவலை மோந்து பாத்துச்சு, சளக் சளக்னு நக்குச்சு, கறுக்குமொறுக்குன்னு தின்னுச்சு. "பாத்தியா, பாத்தியா!"ன்னு அவரு மீசையைத் தடவுறதுக்குள்ள நிறுத்திருச்சு. அதுக்கப்புறம் தீவனத்துப் பக்கம் திரும்பக்கூட இல்ல. நாக்கை நாக்கை நீட்டிச்சு, ஒதடு ஒட்டிக்கிச்சு. உப்புக் கருவாட்டைத் தின்னுட்டுத் தண்ணி இல்லாமக் கெடந்தா எப்படி இருக்கும்? அப்படி இருந்துச்சு அதுக்கு.

"உப்புக் கரிக்குதோ?"ன்னு கேட்டாரு. ஆட்டுகிட்டத்தான்.

மூணாவதா இன்னொரு யோசனை. பக்கத்து வீட்டுக் கோமதி மதினி ஒரு கெடா வச்சிருந்தா. திங்கிறதுல அதை மிஞ்ச ஆளே இல்ல. காயப்போட்ட பாவாடையில பாதி அது வயித்துலதான் இருக்கும். அதைக் கொண்டுவந்து பக்கத்துல கட்டுனா, பொறாமையில செவலையும் திங்கும்னு கெடாவை ஓட்டிட்டு வந்தாரு வெயிலுமுத்து.

கெடா வந்ததும் ஒண்ணும் பேசலை. தன் பங்கைத் தின்னுச்சு, செவலை பங்கையும் தின்னுச்சு.

"பாத்துக் கத்துக்கோ"ன்னு செவலைக்குப் புத்தி சொன்னாரு.

ஆனா கத்துக்கிட்டது கெடாதான். மறுநாள் அதுவும் கொஞ்சம் கொறிச்சுட்டு, மொகத்தைத் திருப்பிக்கிட்டுச் செவலை பக்கத்துல படுத்துருச்சு. பேச்சித்தாய் வேலை முடிஞ்சு வந்து பாத்தா, உண்ணாவெரதம் இருக்குற சாமியாருங்க மாதிரி ரெண்டு ஆடு!

அப்போ கோமதி மதினி வந்தா பாரு, தெருவே அதிருச்சு.

"ஏ கொழுந்தா! பாவாடை தின்ன கெடாய்யா அது! ஒரே நாள்ல அதுக்கு என்னய்யா சொல்லிக் குடுத்த?"

வெயிலுமுத்து கட்டிலுக்கு அந்தப் பக்கம் போயிட்டாரு. கெடாவைக் கொண்டுபோய் விட, பேச்சித்தாயே கயித்தைப் பிடிச்சா. மதினி வீட்டு வாசல்ல கால் வச்சதும் கெடா கயித்தை அத்துக்கிட்டு ஓடிச்சு. எங்க ஓடிச்சுன்னு நெனைக்குற? தீவனத்துக்கா? இல்ல. சிமெண்டுத் தொட்டிக்கு! மடக் மடக் மடக்னு தண்ணியை இழுத்துச்சு. மூக்குல தண்ணி சொட்டச் சொட்ட நிமிந்துச்சு. அப்புறம் அப்படியே திரும்பி, அடுக்கி வச்சிருந்த காஞ்ச சோளத்தட்டையை உருவி, கறுக்குமொறுக்கு கறுக்குமொறுக்கு...

பேச்சித்தாய் நின்ன எடத்துலயே நின்னுட்டா.

"மதினி, இதுக்கு எப்பத் தண்ணி வைப்பீங்க?"

"நான் எங்க வைக்கேன்? தொட்டி அங்கனயேதான் கெடக்கு. அதுக்கு வேணும்ங்கிறப்பக் குடிக்கும். நேரங்காலம் பாத்து ஊட்டிவிட அது என்ன புதுமாப்பிள்ளையா?"

அப்பத்தான் பேச்சித்தாய்க்குப் பொறி தட்டுச்சு. காஞ்சதை மெல்லணும்னா எச்சில் ஊறணும். எச்சில் எங்க இருந்து வரும்? ஒடம்புல இருக்குற தண்ணியில இருந்துதான வரும்? கொஞ்சம் தின்னதும் இருந்த தண்ணியெல்லாம் எச்சிலாப் போயி, ஆட்டுக்குத் தாகம் எடுத்துருது. தாகம் எடுத்த வாய் எப்படித் திங்கும்? செவலைக்குப் பசி இல்லாம இல்ல. தாகம் பசியை ஏறி மிதிச்சுக்கிட்டு நிக்குது!

மறுநாள் சனிக்கெழமை. வேன் பாம் பாம்னுச்சு. "எனக்குத் தலைவலி, நீங்க போங்க"ன்னு வேனை அனுப்பிட்டா. வெயிலுமுத்து வியாபாரியைக் கூட்டியாரக் கெளம்பிட்டாரு. அந்த வேலைக்கு மட்டும் என்னா சுறுசுறுப்பு!

பேச்சித்தாய் ஓடி ஓடித் தண்ணி எடுத்தா. பழைய அண்டாவை ரொப்பி ஆட்டுக்கு முன்னால வச்சா. பக்கத்துலயே கடலைக்கொடி. உப்புமில்ல, மொளகாயுமில்ல.

மடக் மடக் மடக். கறுக்குமொறுக்கு. திரும்ப மடக் மடக். திரும்பக் கறுக்குமொறுக்கு.

வியாபாரியோட வாசல்ல வந்து நின்ன வெயிலுமுத்துக்கு வாய் பொளந்துருச்சு.

"தண்ணி வச்சேன், திங்குது"ன்னா பேச்சித்தாய்.

வியாபாரி செவலை திங்கிற வேகத்தைப் பாத்தாரு. "நல்லா மேயிற ஆடால்ல இருக்கு! ஏத்திருவோம்"னு கயித்துல கை வச்சாரு. பேச்சித்தாயும் கயித்தைப் பிடிச்சுக்கிட்டா.

"தின்ன வச்சா நீயே வச்சுக்கோன்னு சொன்னீங்கல்ல?"

"அது... வீட்டுல ஒரு பேச்சுக்குச் சொல்றது. வெளியாளுக்கு வாக்குக் குடுத்தாச்சே"ன்னு இழுத்தாரு வெயிலுமுத்து.

அழுதா ஆகாதுன்னு பேச்சித்தாய்க்குப் புரிஞ்சுபோச்சு. சண்டை போட்டா ஆகவே ஆகாது. கண்ணைத் தொடைச்சுக்கிட்டு, கொரலைக் கொஞ்சம் எறக்கிக்கிட்டுச் சொன்னா.

"சரிங்க, குடுங்க. ஆனா ஒண்ணு. திங்காத ஆட்டைத் தின்ன வச்சவரு நீங்கன்னு நாளைக்கு டீக்கடையில சொல்லுவீங்க. எங்க அந்த ஆடுன்னு கேப்பாங்க. எதைக் காட்டுவீங்க? வெறுங்கயித்தையா?"

வெயிலுமுத்து யோசிச்சாரு. டீக்கடை பெஞ்சு கண்ணு முன்னால வந்துச்சு. அதுல எல்லாரும் அவரையே பாத்துக்கிட்டு இருந்தாங்க.

"வியாபாரியாரே, கையை எடுங்க. இது நான் ஆராய்ச்சி பண்ணித் தேத்துன ஆடு. இதெல்லாம் கறிக்கடைக்குக் குடுக்கக் கூடாது."

"காலையில அழாத குறையா வந்து கூப்பிட்டீரு!"

"காலையில வேற, இப்ப வேற."

வியாபாரி தலையில அடிச்சுக்கிட்டு வண்டியைக் கெளப்புனாரு. டுர்ர்ர்ர்...

அப்புறம் ஊரெல்லாம் வெயிலுமுத்து பேச்சுதான். "காஞ்ச தீவனத்துக்குப் பக்கத்துல எப்பவும் தண்ணி இருக்கணும். நான் கண்டுபிடிச்சேன்!" கண்டுபிடிச்சவரு வீட்டுல அண்டா காலியாக் கெடந்தா மானம் போகும்ல? அதனால காலையில ரெண்டு கொடம், மத்தியானம் ரெண்டு கொடம், வேர்க்க விறுவிறுக்கச் சொமந்தாரு. வேன் சன்னல் வழியா அதைப் பாத்த பேச்சித்தாய், சேலைத் தலைப்பால வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா. பெருமை அவருகிட்டயே இருக்கட்டும், செவலை என்கிட்ட இருக்குன்னு.

கதை வயிறு ரொம்பி அசைபோடப் படுத்துருச்சு. நீயும் படு, கண்ணை மூடு.