பவளம் படுத்த மத்தியானம்

பவானி ஆற்றுக்கு இந்தப் பக்கம், மூடிக் கிடந்த பஞ்சு குடோன் ஒன்றில் ஒரு சாமியார் இருந்தார். வயது நாற்பதுகூட ஆகவில்லை. அவரிடம் பாடம் கேட்க வருகிறவர்கள் எல்லாரும் அவரைவிட மூத்தவர்கள். வந்ததும் அவர்கள் முதலில் பார்ப்பது அவர் தூங்குவதைத்தான். உட்கார்ந்தால் தூங்குவார், சாய்ந்தால் தூங்குவார். ஊரில் அவருக்குத் தூங்குமூஞ்சிச் சாமி என்றே பெயர் விழுந்துவிட்டது. அது அவர் காதுக்கும் வந்தது. “பொய் சொல்லலையே” என்று விட்டுவிட்டார்.

ஒரு நாள் காலை தெய்வானை வந்தாள். அரிசி மில் நடத்துகிறவள், ஐம்பதைத் தாண்டியவள், சாமியின் பழைய சிஷ்யை. லாரி டிரைவர்களை ஒரே அதட்டலில் அடக்குகிறவளுக்கு அன்று குரலே எழும்பவில்லை. முழங்கையில் கட்டு. கண் இரண்டும் சிவந்திருந்தன.

“சாமி, ஒரு நல்ல லாயம் சொல்லுங்க.”

“எனக்கா, அம்மிணி?”

“என்ற குதிரைக்குங்க.”

சாமி கண்ணைக் கசக்கிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

போன வருஷம் சந்தைக்குப் போன தெய்வானை ஒரு செந்நிறப் பெண்குதிரையோடு திரும்பியதும், சின்ன வயதிலிருந்து குதிரை ஏற ஆசை என்று வெட்கப்படாமல் சொன்னதும் ஊர் முழுக்கத் தெரியும். சிரித்தவர்கள் சிரித்தார்கள். அவள் குதிரைக்குப் பவளம் என்று பெயர் வைத்தாள். வீட்டில் கட்ட இடமில்லை. பைபாஸ் பக்கம் ஒரு பெரிய லாயத்தில் விட்டாள். குதிரையையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள், அவளுக்குச் சவாரியும் அவர்களே சொல்லித்தருவார்கள்.

“இருக்கற லாயத்துக்கு என்ன கொறச்சல்?”

“கொறச்சலே இல்லீங்க சாமி. கண்ணாடியாட்டம் தரை. தலைக்கு மேல ஃபேன். அவ மேல ஒரு துரும்பு ஒட்டியிருக்காது. கொள்ளு, புல்லு எல்லாம் வேளைக்கு வந்துரும். ஆனாலும் விழுவறா.”

“விழுவறாளா?”

“நின்னுட்டே இருப்பாங்க. தலை மெல்ல மெல்லக் கீழ போகும். கண்ணு சொருகும். மூக்கு தரையில முட்டற மாதிரி வரும். டபக்குன்னு முட்டி ரெண்டும் மடங்கீரும். உடனே திடுக்குனு எந்திரிச்சுக்குவா. முட்டி பூரா புண்ணுங்க. டாக்டர் ரத்தம் எடுத்துப் பாத்தாரு, ஒண்ணுமில்லன்னுட்டாரு. சவாரி சொல்லித்தர்றவரு, கடிவாளத்த இழுத்துப் புடிங்க, ரெண்டு போடு போடுங்கங்கறாரு. எனக்கு அடிக்க மனசு வரலீங்க. போன ஞாயித்துக்கெழம நான் மேல இருக்கறப்பவே…”

சாமியின் தலை மெல்ல மெல்லக் கீழே போனது. கண் சொருகியது. மோவாய் நெஞ்சில் முட்டியதும் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

தெய்வானைக்கு வந்ததே கோபம்.

“என்ற உசுரு போற மாதிரி நான் சொல்லீட்டிருக்கறன். நீங்க தூங்கறீங்களா!”

சாமி வாயைத் துடைத்துக்கொண்டார். “இப்படித்தான் விழுவறாளா?”

“ஆமா! அச்சு அசலா இப்படியேதான்!” என்றாள். கோபத்தில் அவளுக்கு வேறு எதுவும் ஓடவில்லை.

“அப்பறம்?”

“நான் விழுந்தது பெரிசில்லீங்க. முட்டியில ரத்தத்தோட எந்திரிச்சு நின்னு என்னயப் பாத்தா பாருங்க, அது இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது. குதிரைத் தரகர் வந்து பாத்துட்டு, முழங்காலுக்குக் கீழ சுழி இருக்குது, வெச்சிருக்கற குடும்பத்துக்கு ஆகாதுன்னுட்டாரு. வியாழக்கெழம சந்தை. முந்துன நாளே வந்து புடிச்சிட்டுப் போறேன்னாரு. வீட்லயும் எல்லாரும் குடுத்துருங்கறாங்க.”

“யாரு வாங்குவாங்க?”

“சவாரிக்கு யாரும் வாங்க மாட்டாங்க. செங்கச் சூளைக்கு வண்டி இழுக்கத்தான் வாங்குவாங்க. அங்க முட்டி மடங்குனா எப்படி எழுப்புவாங்கன்னு நான் பாத்திருக்கறன் சாமி.” அவள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். “நல்ல லாயம், நல்ல வாத்தியாரு கெடச்சா பொழச்சுக்குவாளோன்னு ஒரு நப்பாசை. சுழிய நீங்க நம்பறீங்களா?”

சாமி தலையைக் குனிந்து உச்சியைக் காட்டினார்.

“பாருங்க. ரெட்டைச் சுழி. ரெண்டு கல்யாணம் நிச்சயம்னாங்க.”

அவள் எட்டி உச்சியைப் பார்த்தாள்.

“ஒண்ணுகூட ஆகல” என்றார் சாமி. “நீங்க தூங்கி எத்தன நாளாச்சு?”

“அதுக்கெல்லாம் எங்கீங்க நேரம்?”

“சரி. மத்தியானம் சாப்பிட்டதும் கூட்டீட்டுப் போங்க. பாக்கலாம்.”

“இப்பவே போலாமுங்களே?”

“சாப்பிட்டாத்தான் எனக்கு எதுவும் புரியும்.”

பைபாஸ் லாயத்தில் கிருபாகரன் அவர்களை வாசலிலேயே வரவேற்றார். லாயமும் சவாரி வகுப்பும் அவர் பொறுப்பு. காலில் பளபளக்கும் பூட்ஸ். ஒவ்வொரு குதிரைக்கும் மேலே பெயர்ப்பலகை, பக்கத்தில் சேணம் மாட்ட ஆணி. வெயிலில் குதிரைகளின் முதுகு எண்ணெய் தேய்த்ததுபோல மின்னியது. சீக்கிரமே நாலுகால் பாய்ச்சல் வரைக்கும் கொண்டுபோய்விடுவதாகவும், அம்மாவுக்குக் கொஞ்சம் கை உறுதி போதவில்லை என்றும் கிருபாகரன் சொன்னார். எல்லாவற்றுக்கும் சாமி தலையாட்டினார்.

பவளத்தின் பக்கத்தில் வந்ததும் கேட்டார்.

“இங்க கொஞ்சம் சாயலாமுங்களா?”

“ஆபீஸ்ல சோபா இருக்குதுங்க சாமி.”

“சோபா வேண்டாம். இவ பக்கத்துல.”

கிருபாகரன் தெய்வானையைப் பார்த்தார். தெய்வானை தரையைப் பார்த்தாள்.

சாமி துண்டை விரித்தார். அப்போதுதான் கழுவிய தரை, துண்டு நனைந்தது. சுவரோரம் நகர்ந்து பார்த்தார். அங்கேயும் தண்ணீர் ஓடியது. மேலே ஒலிபெருக்கியில் அடுத்த வகுப்புக்குப் பெயர் கூப்பிட்டார்கள். எழுந்து, பவளத்தின் கழுத்துக் கயிற்றை விரலால் தூக்கிப் பார்த்தார். தலையைத் தீனித்தொட்டிக்குக் கொண்டுபோகலாம். அதற்கு மேல் நீளமில்லை. பின்னங்காலிலும் ஒரு கயிறு இருந்தது.

“ஏனுங்க, இவ்வளவு கட்டையாக் கட்டியிருக்கீங்க?”

“அப்பத்தாங்க சாணியில படுத்துப் பொரளாது. ஒடம்பு சுத்தமா இருக்கும். பாக்க வர்றவங்க முகம் சுளிக்கக் கூடாதில்லீங்களா?”

தெய்வானை ஆமாம் என்பதுபோலத் தலையசைத்தாள். இந்தச் சுத்தத்தைப் பார்த்துத்தான் அவள் இந்த லாயத்தைப் பிடித்தாள். பவளம் அவள் தோளில் மூக்கை வைக்கப் பார்த்தது. கயிறு எட்டவில்லை.

“போலாம் அம்மிணி” என்றார் சாமி. “எனக்குத் தூக்கம் வரல.”

அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல்லை அவள் கேட்டதே இல்லை.

காரில் போகும்போது சாமி கேட்டார். “வேற எதாச்சும் லாயம் பாத்தீங்களா?”

“ஒண்ணு பாத்தனுங்க. போன வேகத்துல திரும்பீட்டேன். அது லாயமே இல்லீங்க.”

“அங்க போலாம்.”

அது பழைய பட்டுப்புழு ஷெட். பலகை இல்லை. மண் தரை, மூங்கில் தடுப்பு, முழங்கால் ஆழத்துக்கு வைக்கோல். குதிரைகளின் வயிற்றிலும் வாலிலும் வைக்கோல் துண்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒன்றின் பிடரியில் காய்ந்த சாணி. தெய்வானை மூக்கைச் சுளித்தாள். நடத்துகிறவர் காசிம் ராவுத்தர். அறுந்த சேணவாரைத் தைத்துக்கொண்டிருந்தவர், நிமிர்ந்து பார்த்து, “பாருங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தையலுக்குத் திரும்பினார். வியாபாரம் தெரியாத மனுஷர்.

சாமி காலியாக இருந்த ஒரு தடுப்புக்குள் போனார். வைக்கோலைக் காலால் கொஞ்சம் ஒதுக்கினார். படுத்தார். தெய்வானை ‘சாமி’ என்று கூப்பிடுவதற்குள் குறட்டை கேட்டது.

அவளுக்கு மானம் போயிற்று.

“தப்பா நெனைக்காதீங்க. அவரு ஒரு சாமியாருங்க” என்றாள்.

“தூங்கட்டுமுங்க” என்றார் ராவுத்தர்.

அவள் நின்றாள். கால் வலிக்க, கவிழ்த்துப் போட்டிருந்த வாளிமேல் உட்கார்ந்தாள். மில்லிலிருந்து போன் வந்தது, பேசினாள், மறுபடி வந்தது. அடுத்த தடுப்பில் ஒரு வெள்ளைக் குதிரை இரண்டு சுற்று சுற்றியது. முன்னங்காலை மடித்து, பெருமூச்சு விட்டபடி படுத்தது.

தெய்வானை பதறி எழுந்தாள். “உங்க குதிரைக்கு ஒடம்பு சரியில்லீங்களா?”

“ஏனுங்க?”

“படுத்திருக்குதே!”

ராவுத்தர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

“மத்தியானமுங்களே. நின்னுட்டே கண்ணசந்தாலும், படுத்தாத்தானுங்க குதிரைக்கு நல்ல தூக்கம்” என்றார்.

தெய்வானை மெதுவாகத் திரும்ப உட்கார்ந்தாள். ஒரு வருஷமாகக் குதிரை வைத்திருக்கிறாள். ஒரு குதிரை படுத்து அவள் பார்த்ததில்லை.

வெயில் சாய்ந்தபின் சாமி எழுந்து வந்தார். தலையெல்லாம் வைக்கோல்.

“நல்ல எடம் அம்மிணி. அருமையாத் தூக்கம் வந்துச்சு.”

“நான் குதிரைக்கு எடம் கேட்டனுங்க சாமி!”

“நானும் அவளுக்குத்தான் தூங்கிப் பாத்தேன்.”

அன்று சாயங்காலமே பவளத்தைக் கொண்டுவந்து விட்டார்கள். கயிறு இல்லாமல் தடுப்புக்குள் விட்டதும் அது மூலையில் போய் நின்றுகொண்டது. மறுநாளும் நின்றது. கட்டியிருப்பதாகவே நினைத்துக்கொண்டு தலையைக்கூடத் தூரமாக நீட்டவில்லை. அதற்கு மறுநாள் நின்ற இடத்திலேயே ஒருமுறை முட்டி மடங்கியது. தெய்வானை குடோனுக்கு ஓடினாள்.

“இங்கயும் விழுந்துட்டா சாமி. நாளைக்குத் தரகர் வர்றாரு. குடுத்தர்றதுதான் வழியா?”

“நாளைக்கு மத்தியானம் நானும் வர்றேன்” என்றார் சாமி.

மறுநாள் மத்தியானம் சாமி பின்னால் மெதுவாக வர, தெய்வானை முன்னால் போய்த் தடுப்புக்குள் எட்டிப் பார்த்தாள்.

பவளம் வைக்கோலில் ஒருக்களித்துக் கிடந்தது. கழுத்து நீண்டு கிடந்தது. நாலு காலும் விறைத்து நீட்டியிருந்தன. உதடு தொங்கி, பல் தெரிந்தது.

“ஐயோ, போயிட்டாளே!”

அவள் கதவை நெட்டித் தள்ளப் போனாள். சாமி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். தூங்குமூஞ்சிக்கு அத்தனை வேகம் எங்கிருந்து வந்ததோ.

“ஸ்ஸ்.”

“செத்துட்டா சாமி! நான்தான் கொண்டாந்து கொன்னுட்டேன்!”

“காதப் பாருங்க.”

காது துடித்தது. பிறகு முன்னங்கால் குளம்பு ஒன்று லேசாக உதைத்தது. இன்னொன்று. தூக்கத்துக்குள் எங்கேயோ ஓடிக்கொண்டிருந்தது பவளம். வயிறு ஏறி இறங்கியது. மூக்கிலிருந்து நீளமாக ஒரு சத்தம் வந்தது.

“என்னங்க அது?” என்றாள் தெய்வானை.

“குறட்டை” என்றார் சாமி, கொஞ்சம் பெருமையாக.

தெய்வானை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வந்தது. நடுவில் சிரிப்பும் வந்தது. சத்தம் கேட்டுப் பவளம் எழுந்துவிடப் போகிறதே என்று முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள். நெஞ்சில் இத்தனை நாளாக ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியது அவளுக்கே தெரிந்தது. பவளத்தின் வயிற்றில், வாலில், பிடரியில் எல்லாம் வைக்கோல் ஒட்டியிருந்தது. இவ்வளவு அழகாக அவள் பவளத்தைப் பார்த்ததில்லை.

வாசலில் தரகரின் குரல் கேட்டது. பைபாஸ் லாயத்தில் விசாரித்து வந்தவர், கையில் கயிற்றோடு நின்றார்.

ராவுத்தர் உதட்டில் விரலை வைத்தார். “தூங்கறாங்க.”

தரகரும் தன்னை அறியாமல் குரலைத் தணித்தார். “அப்ப எப்ப வரட்டும்?”

“வராதீங்க” என்றாள் தெய்வானை, உட்கார்ந்த இடத்திலிருந்தே.

“சுழி இருக்குதுங்க அம்மா…”

“இருந்துட்டுப் போவுது. பொறந்ததுலேர்ந்து இருக்கறதுதான?”

தரகர் சாமியைப் பார்த்தார். சாமி தன் உச்சந்தலையைத் தடவிக்கொண்டார். தரகர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு, செருப்புச் சத்தம் கேட்காமல் நடந்து போனார்.

பவளம் இன்னும் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

“ராவுத்தரே, எனக்குச் சவாரிப் பாடம் எப்ப ஆரம்பிக்கறீங்க?” என்று கிசுகிசுத்தாள் தெய்வானை.

ராவுத்தர் சேணவாரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “சாமியக் கேளுங்க. அவருதான கூட்டியாந்தாரு.”

சாமி அதற்குள் பக்கத்துத் தடுப்பில் படுத்தாயிற்று.

“சாமி, நான் எப்பங்க மறுபடி ஏறறது?”

ஒரு கண்ணைத் திறந்தார். “அவ எந்திரிக்கட்டும். அதுவரைக்கும் நீங்களும் கொஞ்சம் படுங்க. எடம் கெடக்குது.”

“நல்லா இருக்குதுங்க! மில்லு கெடக்குது. லோடு வந்து நிக்கும். நான் போய் நிக்காட்டி ஒருத்தனும் ஒரு மூட்டை எறக்க மாட்டான். அந்த டிரைவருக…”

மடியில் போன் அடித்தது. பவளத்தின் காது அசைந்தது. தெய்வானை அவசரமாக அதை அணைத்தாள்.

சாமி இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டார்.

“உங்கள யாரு அம்மிணி, இவ்வளவு கட்டையாக் கட்டுனது?”

தெய்வானை போனை வாளிமேல் போட்டாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.