தாத்தாவின் கையெழுத்தும் சூரியத் தகடும்

முன்னொரு காலத்தில், மழை அபூர்வமாகவும் வெயில் தாராளமாகவும் இருந்த அனலபுரி நாட்டை மகிபாலன் என்ற ராஜா ஆண்டுவந்தார். காலையில் ஒரு பேச்சு, மாலையில் ஒரு பேச்சு, அப்படிப்பட்ட ராஜா. அவருக்கு மந்திரி பொன்னரங்கர் ஒரு யோசனை சொன்னார். கூரையில் சூரியத் தகடு பதித்தால், அது பகல் வெயிலைப் பிடித்து வைத்து இருட்டியதும் விளக்கெரிக்கும். அந்தக் காலத்தில் அது ஏது என்று கேட்காதீர்கள், கதை சொல்வது நான்! ராஜாவும் உடனே முரசறைந்துவிட்டார். தகடு பதிப்பவருக்குப் பாதி விலை திரும்பக் கிடைக்கும், மூன்று வருஷத்துக்கு வீட்டு வரியும் கிடையாது.

நாடே மந்திரியைப் புகழ்ந்தது. வரி அதிகாரி சண்டேசருக்கு வயிறு எரிந்தது. யோசனையைத் தடுக்க முடியாது, ஆனால் விதிமுறை எழுதலாமே! உட்கார்ந்து நாற்பத்திரண்டு விதிகள் எழுதினார்.

அப்பளம் போட்டு விற்கும் வடிவழகி, தன் ஒரே எருமையை அடகு வைத்துத் தகடு வாங்கியிருந்தாள். பௌர்ணமிக்குள் மீட்காவிட்டால் எருமை சந்தைக்குப் போய்விடும். சலுகைப் பணத்துக்காகப் பதினோரு தடவை அதிகாரியிடம் நடந்தாள்.

"வீடு யார் பேர்ல இருக்கு?"

"என் மாமனார் பேர்லங்க."

"அப்ப அவரைக் கூட்டிட்டு வா."

"அவரு செத்து ஒம்பது வருஷமாச்சுங்க!"

"சரி, ஆட்சேபணை இல்லைன்னு அவர்கிட்ட கையெழுத்தாவது வாங்கிட்டு வா."

இதைச் சொல்லும்போது எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது.

பௌர்ணமிக்கு முதல் நாள் அவள் சபைக்கே வந்து அழுதாள். அதிகாரி அசையவில்லை. "விதி எல்லோருக்கும் ஒன்றுதான். ராஜாவே மனுக் கொடுத்தாலும் மாறாது!" என்று மார்தட்டினார்.

மந்திரி மெல்ல எழுந்தார். "அரசே, அரண்மனைக் கூரையிலும் தகடு இருக்கிறது. முதல் சலுகையைத் தாங்களே வாங்கினால் ஜனங்களுக்கு நம்பிக்கை வரும். மனுவை இந்த அம்மாவே சரிபார்க்கட்டும். விதிகள் அத்தனையும் மனப்பாடமாகத் தெரிந்தவள் இவள் ஒருத்திதான்."

பணம் வரும் என்றதும் ராஜா உற்சாகமாகத் தலையாட்டினார். வடிவழகி கண்ணைத் துடைத்துக்கொண்டு அதிகாரியின் ஆசனத்தில் உட்கார்ந்தாள்.

"அரண்மனை யார் பேர்லங்க இருக்கு?"

"கட்டியவர் என் தாத்தா. அவர் பேரில்தான்."

"அப்ப அவரு நேர்ல வரணுங்களே."

"நான் பிறப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்தவர், எப்படி வருவார்?"

"கையெழுத்தாச்சும் வாங்கிட்டு வாங்க ராஜா. பதினேழாவது விதி."

"செத்தவரிடம் எப்படியம்மா கையெழுத்து வாங்குவது?"

"அதத்தாங்க நானும் பதினோரு தடவ கேட்டேன்."

ராஜாவின் முகம் சிவந்தது. "எந்த மடையன் எழுதிய விதி இது?"

சபை முழுவதும் அதிகாரியைத் திரும்பிப் பார்த்தது.

"நீரா? அப்படியானால் நீரே போய்த் தாத்தாவிடம் கையெழுத்து வாங்கி வாரும்!"

"ஐயோ, போனால் திரும்பி வர முடியாதே அரசே!" என்று சண்டேசர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"பிழைத்துப் போம். இனி ஒரே விதிதான். கூரையில் தகடு இருந்தால் அன்றே பணம். உச்சி வெயிலில் ஒவ்வொரு கூரையாக ஏறிப் பார்ப்பது உம் வேலை." வடிவழகியின் பணம் அங்கேயே கைக்கு வந்தது. எருமையை மீட்க ஆள் ஓடினான். ராஜா அந்த ஆசனத்தையும் அவளுக்கே கொடுத்துவிட்டு, ஆசையாகக் கையை நீட்டினார். "சரி, என் பணம்?"

வடிவழகி வாசலைக் காட்டினாள். கோட்டைக் கதவு வரை ஜனங்கள் வரிசையில் நின்றார்கள்.

"அவங்கல்லாம் உங்களுக்கு முந்தியே மனுக் கொடுத்தவங்க ராஜா."

ராஜா ஒரு பெருமூச்சு விட்டார். கிரீடத்தைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வரிசையின் கடைசியில் போய் நின்றார்.