ஏகாம்பரம் அழவைத்த ஏரி

நாடகத்துக்காக நாங்கள் முச்சந்தியில் வைத்தது ஆறே ஆறு காலிக் குடங்கள். டீ குடித்துவிட்டுத் திரும்பினால், அவற்றின் பின்னால் கல்யாணி நகரின் அத்தனை குடங்களும் வந்து நிற்கின்றன. அந்தப் பகுதியில் குடங்கள் வரிசையாக இருந்தால் தண்ணீர் லாரி வரப்போகிறது என்று பொருள். இன்று எந்தத் தெருவின் முறை என்றுகூட யாரும் விசாரிக்க மாட்டார்கள். ஓடிப்போய்த் தங்கள் குடத்தைக் கொண்டுவந்து கடைசியில் வைத்துவிடுவார்கள்.

"லாரி இல்லீங்க, தண்ணீர்ப் பஞ்சத்தைப் பத்தி விழிப்புணர்வு நாடகம்" என்று நான் சொன்னது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. ஆனால் அந்தத் தெருவின் பூரணி அக்காவுக்குக் கேட்டுவிட்டது. அவர் அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தவர்.

"பஞ்சத்தைப் பத்தி எங்களுக்கே நாடகமா? எடுங்கடி குடத்தை!"

போன இரண்டு இடங்களிலும் எங்கள் நாடகத்தைப் பார்த்தது ஒரு ஐஸ்காரரும் ஒரு நாயும்தான். நாயும் பாதியில் எழுந்து போய்விட்டது. இன்றும் ஆள் சேராவிட்டால் குழுவைக் கலைத்துவிடலாம் என்று பேச்சு. மற்ற நடிகர்கள் வரும் வேனோ மேம்பாலத்தடியில் நெரிசலில் நிற்கிறது.

குழுத் தலைவர் ஏகாம்பரம் அண்ணன் ஒட்டுமீசையை அழுத்திக்கொண்டு நடுவில் வந்தார்.

"போறவங்க போலாம். ஆனா அரியலூர்ப் பக்கம் ஒரு ஊர்ல இப்படித்தான் போகப் பாத்தாங்க. நான் ஒரே ஒரு பாட்டு எடுத்தேன். மூவாயிரம் பேரு தேம்பித் தேம்பி அழுதாங்க. கண்ணீர் வாய்க்கால்ல ஓடி ஏரியில விழுந்து, ஏரி ரொம்பி, மதகைத் திறந்து விட்டாங்கம்மா!"

குடத்தை இடுப்பில் வைத்த இரண்டு பேர் நின்றார்கள்.

"கண்ணீர் உப்புக் கரிக்குமே. அதை எப்படிக் குடிச்சாங்க?" என்றார் தையல்கடை மும்தாஜ்.

"அந்த ஊர்ல எல்லாருக்கும் பிரஷரு. டாக்டர் உப்பே சேக்கக் கூடாதுன்னுட்டாரு. கண்ணீர் அப்படியே இளநீர் மாதிரி!"

"அடப்பாவி" என்றது வரிசை. ஆனால் யாரும் நகரவில்லை.

"இதுக்கே வாயைப் பொளந்தா எப்படி? பரமக்குடிப் பக்கம் ஆடுறோம். கேரளாவுக்குப் போய்ட்டிருந்த ஒரு மேகம் நின்னு பாக்குது. பின்னால வந்த மேகங்களுக்கு மறைக்குது. 'ஏய், உக்காரு'ன்னு ஒரே இடி! சரின்னு அது தென்னந்தோப்பு மேல உக்காந்துச்சு. கடைசிக் காட்சியில தாங்க முடியாம ஓன்னு அழுதுச்சு பாருங்க, மூணு நாள் மழை."

"அந்த மேகத்தைக் கையோட கூட்டியாந்திருக்கலாமே?" என்றது வரிசையிலிருந்து ஒரு குரல்.

"கூட்டியாந்தேன்மா. தாம்பரம் வரைக்கும் வந்துச்சு. டிராபிக்கைப் பாத்துட்டுத் திரும்பிப் போயிடுச்சு."

பூரணி அக்கா சட்டென்று என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, படிச்ச பொண்ணாத் தெரியுது. நீ சொல்லு. மேகம் உக்காந்துச்சா?"

வரிசை மொத்தமும் என்னைப் பார்த்தது. எனக்குக் காது சுட்டது. "நான் பின்னாடி குடம் அடுக்கிட்டிருந்தேன்க்கா," என்றேன். "சட்டுனு இருட்டிச்சு. அது மட்டும் தெரியும்."

ஏகாம்பரம் அண்ணன் முகத்தில் ஒரு வெளிச்சம். அதற்குமேல் அவரை யாராலும் பிடிக்க முடியவில்லை.

"அதை விடுங்க. ஓசூர்ப் பக்கம் ஆயிரம் அடிக்குப் போர் போட்டாங்க. வெறும் காத்து. நான் குழாய்க்குள்ள வாயை வெச்சு ஒப்பாரி பாடினேன். அடியில யாரோ மூக்கை உறிஞ்சுற சத்தம். பாத்தா, தண்ணி! மெதுவா மேல ஏறி வந்து, 'அண்ணே, முதல்லேர்ந்து பாடுங்க, பாதிதான் கேட்டுச்சு'ன்னுது. முன்வரிசையில உக்கார வெச்சோம். சேலை நனையுதுன்னு ரெண்டு பேரு தள்ளி உக்காந்தாங்க. நாடகம் முடிஞ்சதும் போகவே மாட்டேங்குது. இன்னிக்கும் அந்த ஊர் முழுக்க முழங்கால் அளவு நிக்குது. எங்களைத் திரும்பக் கூப்பிட பயப்படுறாங்க!"

மும்தாஜ் சிரிப்பை அடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டார். அதே நேரம் வேன் வந்து நின்றது. பறையோடு ஆட்கள் குதித்தார்கள். இத்தனை பேரைப் பார்த்ததும் அவர்களே பயந்துபோய்ப் பின்வாங்கினார்கள்.

பூரணி அக்கா குடத்தைக் கீழே வைத்து, அதன் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மற்றவர்களும் அவரவர் குடத்தருகே அமர்ந்தார்கள். நடுவில் புகுந்த ஒருத்தியை, "உன் குடம் எங்கேயோ அங்க போ" என்று விரட்டினார்கள்.

"ஆரம்பிங்கண்ணே, பாக்குறோம்" என்றார் பூரணி அக்கா. "ஆனா அழச் சொல்லாதீங்க. எங்களுக்குக் கண்ணீரும் ஒருநாள் விட்டு ஒருநாள்தான். இன்னிக்கு எங்க தெரு முறை இல்ல."