மூடாத இலை

வாழைக்காய் மண்டி முதலாளி தனுஷ்கோடிக்கு அடுத்தவன் இலையைப் பார்க்காவிட்டால் சோறு இறங்காது. ஆயுத பூஜைக்கு ஆட்களை ஓட்டலுக்குக் கூட்டிப் போனவர், தார் சுமக்கும் மொக்கராசு ரசத்தை வழித்துச் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டார்.

“பஞ்சத்துல அடிபட்டவனே! மிச்சம் வைக்கிறதுதான்டா கௌரவம். இல்லேன்னு சொல்றியா? இத்தனை பேர் முன்னாடி நிரூபி. முடியலைன்னா நாளைக்கு மண்டிப் பக்கம் வராதே!”

சொல்லிவிட்டு, கடித்த வடையும் தொடாத ஜாங்கிரியும் உள்ளே இருக்க, தன் இலையை மூடினார். ஓட்டலே சிரித்தது. மொக்கராசு தன் காலி இலையைக் காட்டினான்.

“என் இலை தெறந்துதான் கெடக்கு, மொதலாளி. உங்க கௌரவத்தை மட்டும் ஏன் மூடி வச்சிட்டீங்க? தெறங்க, நாலு பேர் பார்க்கட்டும்.”

முதலாளியின் கை இலையை இன்னும் அழுத்தியது. ஓரத்தில் ஜாங்கிரி பிதுங்கியது. இப்போது சிரிப்பு அவர் பக்கம் திரும்பியது.

மறுநாள் மண்டியில் முதல் தார் மொக்கராசு தோளில்தான் ஏறியது.