ஆவுளியாவுக்கு ஒரு வேலி

காலை ஆறரை மணிக்குப் பன்னிரண்டு கட்டுக் கடற்புல்லைக் காணோம் என்று அறவாழி கரையேறினார்.

உப்புத் தண்ணீர் சொட்டச் சொட்ட நேரே மடத்துக்குள் போனார்.

"அம்மா, மறுபடியும் மேஞ்சிட்டுப் போயிடுச்சு."

குரு மெய்யம்மை கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். அறவாழியைவிட இருபது வயது இளையவர்.

"எது?"

"வேற எது? அந்த ஆவுளியாதான். இதுக்குக் கடல்பசுன்னு பேர் வச்சவனை உதைக்கணும். பசு மேயும். இது வேரோட பிடுங்குது."

அந்தக் கரையோரக் கடற்புல்லை இழுவலைகள் எப்போதோ வழித்தெடுத்திருந்தன. மடத்துக்கு எதிரே கடலடி மறுபடி பச்சையானால் தீட்சை என்று குரு சொல்லியிருந்தார். அறவாழி மூன்று வருடமாகக் கயிற்றில் கட்டிக் கட்டி நட்டார். நெற்றி இன்னும் வெறுமையாகவே இருந்தது.

"வேலி போடட்டுமா?"

"போடுங்க."

"வேண்டாம்னு சொல்வீங்கன்னு நினைச்சேன்."

"சொன்னா கேட்பீங்களா?"

கம்பு ஊன்றி வலை கட்டினார். ஆவுளியா வந்து முட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. உள்ளே புல் முழங்கால் உயரம் வளர்ந்தது.

மழைக்காலம் முடிந்தபோது புல்மேல் பாசி அப்பியிருந்தது. வலை சேற்றைத் தேக்கி வைத்திருந்தது. இழுத்த புல்லெல்லாம் அழுகிக் கையோடு வந்தது.

"இப்ப யார் மேல பழி போடுறது?" என்று குருவிடம் கத்தினார்.

"வலைக்கு வெளியே?"

"வெளியே நான் நடவே இல்லையே!"

"பார்த்தீங்களா?"

பார்க்கவில்லை. போய்ப் பார்த்தார்.

வெறும் மணலாகக் கிடந்த இடமெல்லாம் இளம்புல். நடுவே, ஏர் உழுத சால் மாதிரி மேய்ந்த தடங்கள். தடத்தோரம் புதுத் தளிர்.

கோபம் இன்னும் ஏறியது.

"அம்மா, பச்சையாயிடுச்சு. தீட்சை கொடுங்க."

"நீங்க நட்டதா?"

"யார் நட்டா என்ன? பச்சையானா போதும்னுதானே பேச்சு?"

குரு எழுந்தார். விபூதித் தட்டை எடுக்கப் போகிறார் என்று அறவாழி நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

குரு அலையோரம் போனார். ஒதுங்கிக் கிடந்த கரும்பச்சை உருண்டை ஒன்றை எடுத்து வந்து பிட்டுக் காட்டினார். உள்ளே பொடிப்பொடியாக விதைகள்.

"என்னம்மா இது?"

"ஆவுளியாச் சாணி."

அதையே அறவாழியின் நெற்றியில் பட்டையாக இழுத்துவிட்டார்.

"நட்டவங்க கொடுக்கிற தீட்சை. நாத்தம் ரெண்டு நாள்ல போயிடும்."

2017 ஜனவரி 21 அன்று அறவாழி வலையை அவிழ்த்தார். வாய் ஓயாமல் திட்டிக்கொண்டேதான்.