செவலை விழுங்கிய பாட்டு

அந்தக் காலத்தில் மாடுகளும் பேசும். மேய்ச்சல் மட்டும் குதிரையைப் போல. ஒரு தடவை மென்று விழுங்கினால் அதோடு சரி.

வீரணன் என்ற மாட்டுக்காரன் மந்தையோடு மலைமேல் தங்கியிருந்தான். அவன் மனசுக்குப் பிடித்த சிலம்பாயி கீழே ஊரில் இருந்தாள். “மழைக்கு முன்னே அவன்கிட்டேயிருந்து சேதி வரலேன்னா, வேற இடத்துல வெத்தலை மாத்திருவேன்” என்று அவள் அப்பா சொல்லியனுப்பிவிட்டார். புலி நடமாடும் மலை. மந்தையை விட்டு வீரணனால் இறங்க முடியாது. மாலையில் பாறைமேல் உட்கார்ந்து பாடுவான். பாட்டு அடுத்த பாறை வரைக்கும்தான் போகும்.

செவலை என்ற சினைப்பசு, கன்று போட ஊருக்கு இறங்கும் நேரம் வந்தது. வீரணன் அதன் காதில் பாடினான்:

“மந்தை இறங்கும் பாதையில நான் வருவேன் சிலம்பாயி,
மழை இறங்கும் வேளையில வாசல் பாத்து நில்லு நீயி.”

“இதை அவகிட்ட சேத்துரு தாயி. வாயிலேயே வச்சுக்க. வழியில மேஞ்சிராதே.”

“வயித்துல இன்னொரு உசுரு இருக்கேப்பா.”

“ஒரு பகல்தான், பொறுத்துக்க.”

செவலையும் பொறுத்துத்தான் நடந்தது. அடிவாரத்து ஊற்றோரம் இளம்புல் அடர்ந்திருந்தது. வயிற்றுக்குள் கன்று உதைத்தது. ஒரே ஒரு வாய் என்று செவலை கடித்தது. புல்லோடு பாட்டும் உள்ளே போய்விட்டது.

மழை நெருங்கிவிட்டதால், ஊரில் சிலம்பாயி வீட்டில் வேறொரு மாப்பிள்ளை வீட்டார் வெற்றிலைத் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். சிலம்பாயி ஓடிவந்தாள். “வரேன்னாரா, மறந்துருன்னாரா?”

“பாட்டாச் சொன்னாரு. முழுங்கிட்டேன். என்ன பாட்டுன்னு ஞாபகம் இல்லை தாயி.”

“வெளியே கொண்டு வா, செவலை.”

செவலை வயிற்றை எக்கியது. புல் மேலே வந்தது. பாட்டைத் தேடி மெதுவாக மென்றது.

“மாடு ஏப்பம் விட்டா அதையும் சேதின்னு சொல்லுவீங்களா?” என்றார் மாப்பிள்ளையின் மாமா.

சிலம்பாயி அப்பா பக்கம் திரும்பினாள். “சேதி வரலேன்னாத்தானே வெத்தலை மாத்துறதாச் சொன்னீங்க? வந்திருக்கு. சொல்லி முடிக்கலை, அவ்வளவுதான்.”

அப்பா தாடியைச் சொறிந்தார். சொன்ன சொல் சொன்னதுதான். “சரி, அது முடிக்கட்டும்” என்றார். வந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டே தட்டை எடுத்துக்கொண்டு போனார்கள்.

மறுநாள் செவலைக்குப் புரிந்துவிட்டது. புல்தான் வருகிறது, பாட்டு கரைந்து போயிற்று. அதைச் சொல்லிவிடலாம். சொன்னால் சேதி இல்லை என்று ஆகிவிடும். தட்டு திரும்பி வரும். செவலை வாயை ஓயவிடவில்லை. கன்று போட்டபோதும் மென்றது. யார் கேட்டாலும் பதில் சொல்லாமல் மென்றது. சிலம்பாயி தண்ணீர் காட்டிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள்.

மலையில் மழை பிடித்தது. மந்தை இறங்கியது, முன்னால் வீரணன் நனைந்துகொண்டே வந்தான். சிலம்பாயி எழுந்து ஓடி, நடந்ததைச் சொன்னாள்.

“இனிமே நிறுத்தலாம் தாயி” என்று அவன் செவலையின் கழுத்தைத் தடவினான். அதற்குள் செவலைக்குப் பேச்சே மறந்து போயிருந்தது. மெல்லுவதுதான் நின்றது.

அதுவும் கொஞ்ச நேரம்தான். அன்று முதல்தான் மாடுகள் பேச்சை விட்டுவிட்டு, வயிறு நிறைய மேய்ந்த பிறகும் நிழலில் படுத்து, கண்ணைப் பாதி மூடி அசைபோடுகின்றன. எந்த வாசலில் யார் காத்திருக்கிறார்களோ, அவற்றுக்குத் தெரியாது.